வேனுக்குள் எந்த ஃப்ரிட்ஜ் வைப்பது? நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேனையே வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் விவரமாக இருந்தது. ஃப்ரிட்ஜுக்கு மட்டும் 'சின்ன கார் ஃப்ரிட்ஜ் ஒன்று போதும்' என்று ஒரே வரி. அந்த வரியை நம்பி நம்ம பக்கம் யாரும் காசைக் கொட்டிவிடக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

கார் ஃப்ரிட்ஜ் என்று மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் பெல்டியர் வகை. உள்ளே கம்ப்ரசர் இருக்காது, ஒரு சின்னத் தகட்டில் கரண்டு பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். வெளியே இருக்கிற சூட்டிலிருந்து 15, 20 டிகிரி குறைப்பதுதான் அதன் சக்தி. ஊட்டியில் அது போதும். சித்திரையில் கரூரிலோ ஈரோட்டிலோ 40 டிகிரி அடிக்கும்போது, அதுவும் பூட்டி வெயிலில் நிறுத்திய வேனுக்குள், பெட்டியில் 20 டிகிரிக்கு மேல்தான் நிற்கும். பால் திரிந்துவிடும், கறி மீன் பேச்சே வேண்டாம். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், சர்க்கரை நோயுள்ள பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது விளையாட்டில்லை.

சரி, கரண்டாவது மிச்சமாகுமா என்றால் அதுவும் இல்லை. பெல்டியர் பெட்டி சுமார் 50 வாட் இழுக்கும், வெயில் காலத்தில் ஓயாமல் ஓடும், ஆக ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜும் ஓடும்போது ஏறக்குறைய அதே வாட்தான் இழுக்கும், ஆனால் குளிர் வந்ததும் நின்றுவிடும், அதனால் நம்ம வெயிலிலும் ஏறக்குறைய அரை யூனிட்டில் முடித்துவிடும். விலை குறைவு என்று பெல்டியரை வாங்குகிறவர் பேட்டரிக்கும் சோலாருக்கும் கூடுதலாக அழ வேண்டியிருக்கும், கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு வகை கேஸில் ஓடுவது. 1922-ல் ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் உருவாக்கியது, அம்மோனியாவைச் சூடாக்கியே குளிர வைக்கும் அருமையான வேலை, சத்தமே இருக்காது. குளிர் நாடுகளில் ஒரே இடத்தில் பல நாள் தங்குகிறவர்களுக்கு நன்றாக உழைக்கும். ஆனால் வண்டியை நிறுத்தியபின் அது சாயாமல் சமமாக நிற்க வேண்டும், சாய்ந்தே ஓடினால் உள்ளே திரவம் சரியாகச் சுற்றாமல் கெட்டுப்போகும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவும் கொல்லிமலையின் 70 வளைவும் ஏறிப்போய் ராத்திரி தங்குகிற நமக்குச் சமதளமான இடம் எங்கே கிடைக்கும்? சூடு ஏற ஏற அதன் குளிர்ச்சியும் குறையும். படுத்துத் தூங்குகிற வேனுக்குள் விடிய விடிய சுடர் எரிவதும், காற்றுப்போக்கு சரியில்லையென்றால் விஷவாயு சேர்வதும் எனக்குப் பெரிய பயம். சிலிண்டரும் வேண்டாம், சுடரும் வேண்டாம் என்பதே என் கருத்து.

வீட்டு ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டரில் ஓட்டலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். ஓடும். ஆனால் இன்வெர்ட்டரே சும்மா நின்றாலும் கொஞ்சம் கரண்டைத் தின்னும்.

அதனால் நேராக 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் வகையை வாங்குங்கள், அதிலும் மேலே திறக்கிற பெட்டி மாதிரி. குளிர்காற்று கனமானது, முன்பக்கக் கதவைத் திறந்தால் கீழே வழிந்து வெளியே போய்விடும், மேல் மூடியைத் திறந்தால் உள்ளேயே தங்கும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வீட்டுக் கரண்டிலேயே குளிர வைத்து ஏற்றிவிட்டால் பேட்டரிக்குப் பாரம் குறையும். 100 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1.2 யூனிட் இருக்கும், ஃப்ரிட்ஜ் மட்டும் என்றால் வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். பழைய ஈயப் பேட்டரியென்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். கூரையில் 200 வாட் பேனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் செலவானதைத் திரும்ப ஏற்றிவிடலாம், ஆனால் ஆடி மழையில் வால்பாறைப் பக்கம் போனால் அதை நம்ப முடியாது, வண்டி ஓடும்போதே ஏற்றுகிற சார்ஜர் ஒன்றும் வேண்டும். அப்புறம் நிழல் விவகாரம்: வேனைப் புளியமரத்தடியில் விட்டால் ஃப்ரிட்ஜுக்கு நல்லது, பேனலுக்கு ஆகாது. நீளமான ஒயரோடு ஒரு மடக்குப் பேனல் வைத்துக்கொண்டால் வேன் நிழலிலும் பேனல் வெயிலிலும் இருக்கும்.

நாமக்கல், கரூர் பக்கம் பாடி கட்டும் பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நீங்கள் கட்டுவதை நாடே பார்க்கிறது, இந்த வேலையும் உங்களிடம்தான் வரப்போகிறது. ஃப்ரிட்ஜை நாலு பக்கமும் பிளைவுட் வைத்து இறுக்கி மூடாதீர்கள், சூடு வெளியேறக் காற்று விடுங்கள். பேட்டரியிலிருந்து கனமான ஒயர் ஒன்றை ஃப்யூஸோடு தனியாக இழுங்கள், மெல்லிய ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கினால் பேட்டரி நிறைய இருக்கும்போதே கம்ப்ரசர் நின்றுவிடும்.

விற்கிறவர்கள் எத்தனை லிட்டர் என்பதோடு, 40 டிகிரி வெயிலில் உள்ளே எத்தனை டிகிரி வரும் என்பதையும் பெட்டி மேல் அச்சிட வேண்டும். நீங்களும் அடுத்த கோடைக்கு முன் இதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்செங்கோடு