மூன்று சென்ட் மனைக்குத் துணைநின்ற அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

நாச்சியார்கோவிலில் வாடகைக்குக் குடியிருக்கும் எங்கள் குடும்பத்துக்கு இலவச வீட்டுமனைப் பட்டா கிடைத்திருக்கிறது. கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தாலுகாவில் தணிக்கை செய்யும் ஜமாபந்தியில் சென்ற ஆண்டு கொடுத்த மனுவுக்கு, இந்த ஆண்டு ஜமாபந்தியின் கடைசி நாளில், குடிகள் மாநாடு என்ற மக்கள் கூட்டத்தில், என் பெயரை வாசித்து மூன்று சென்ட் மனைக்கான பட்டாவைக் கையில் கொடுத்தார்கள். என் கணவர் குத்துவிளக்குப் பட்டறையில் கூலிக்கு வார்ப்பு வேலை பார்க்கிறார். நான் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறேன். நடவு இல்லாத மாதங்களில் வாடகைக்கு நாங்கள் பட்ட பாடு எங்கள் தெருவுக்கே தெரியும். இந்தப் பட்டா யார் யாரால் வந்தது என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மகளிர் குழுத் தலைவி அக்காவிடம் நான் முதலில் கேட்டது, வாடகைக்கு அரசாங்கம் ஏதாவது உதவி செய்யுமா என்பதைத்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்துதான் பதில் சொன்னார். நகரங்களுக்கான பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், 2024இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், வாடகைக் குடியிருப்புக்கென்று ஒரு பிரிவு உண்டு. நம்மைப் போல் ஊராட்சியில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. சொந்தமாக வீடோ மனையோ இல்லாத ஏழைக் குடும்பம் என்றால் மூன்று சென்ட் வரை வீட்டுமனை கேட்கலாம், வருவாய்த் துறையின் நிலையான விதிகளில் ஒன்றான வருவாய் நிலை ஆணை 21இல் அதற்கு வழி இருக்கிறது என்றார். அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். மனுவின் முதல் வரியில் அதைத்தான் எழுதினோம்.

அடுத்து எங்கள் வீட்டுக்கார அம்மா. அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு இருக்கும் பெரிய இடைஞ்சலே, இந்த ஊரில்தான் இருக்கிறோம் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லாததுதான். வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை எல்லாம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். எங்கள் குடும்ப அட்டையிலோ பழைய ஊர் முகவரி. அதை மாற்ற வாடகை ஒப்பந்தம் வேண்டும். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வீட்டையே கேட்பார்கள் என்று பயந்து பல பேர் மறுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாவிடமும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொன்னார்கள். "என் வீட்டில் இருக்கிறவர்களை இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்த அன்று வாசலுக்கு வந்து, இவர்களுக்கு வேறு வீடு வாசல் கிடையாது என்று தாமே சாட்சி சொன்னார். எங்களுக்கு மனை கிடைத்தால் அவருக்கு வருகிற வாடகை நின்றுபோகும். அது தெரிந்தும் செய்தார்.

இ-சேவை மையத்தில் இருக்கும் தங்கை, வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் பதியும்போது ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, சரி என்று நான் சொன்ன பிறகே அடுத்த வரிக்குப் போனாள். ஆதாரில் ஒரு எழுத்தும் குடும்ப அட்டையில் வேறு எழுத்துமாக இருந்த என் பெயரைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அப்படியே போயிருந்தால் மனு திரும்பி வந்திருக்கும். பட்டறை முதலாளி, கூலி விவரத்தைத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். அவருக்கும் நன்றி.

காவிரிப் பாசனத்தில் மனை என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. கிராம உதவியாளர் அண்ணன் எங்களை உட்காரவைத்து, கிராம வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். இது நஞ்சை, இது கோயில் நிலம், இது வாய்க்கால் புறம்போக்கு, இது குளம். வாய்க்காலிலும் குளத்திலும் யாருக்கும் பட்டா தர முடியாது. கோயில் நிலத்தில் தலைமுறையாக இருப்பவர்களுக்கும் அடிமனை வாடகைதான், அதாவது வீடு நிற்கும் நிலத்துக்கான வாடகைதான், பட்டா கிடையாது. மிச்சமிருப்பது ஊர்க் குடியிருப்புக்கான நத்தம் நிலத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டு காலியாக இருப்பதைப் பதிவேட்டில் பார்த்து எடுத்துச் சொன்னவர் அவர்தான். அளக்க வந்த சர்வேயர் ஐயா, முதல் நாள் பெய்த மழையில் முழங்கால் சேற்றில் இறங்கி, சங்கிலி பிடித்து நான்கு மூலையும் காட்டிவிட்டுத்தான் கரையேறினார்.

இடையில் ஒருவர், பணம் கொடுக்காவிட்டால் கோப்பு நகராது என்று சொல்லி எங்களை மிகவும் கலங்க வைத்தார். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதும் பெரியவர் அதைக் கேட்டுக் கோபப்பட்டார். "இலவசப் பட்டாவுக்கு எவனுக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதே அம்மா. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் வராதே" என்றார். ஜமாபந்தியில் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். ஜூன் 30இல் பசலி ஆண்டு என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு முடிவதற்குமுன் கிராமக் கணக்குகளை எல்லாம் அதிகாரி முன்னால் விரித்துவைக்கும் நேரம் அது. கணக்கும் மனுவும் ஒரே மேசையில் இருக்கும் என்றார். எழுதுகூலியும் வாங்கவில்லை. மனுவை முழுதாகப் படித்து, என்னை நிற்கவைக்காமல் உட்காரச் சொல்லி விசாரித்த ஜமாபந்தி அலுவலருக்கும் என் வணக்கம்.

இனி வீடு கட்ட உதவி கேட்டு ஊராட்சியில் மனுக் கொடுக்கப் போகிறோம். எங்களைப் போல் வாடகையில் இருக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் வாடகை ஒப்பந்தம், மனு இரண்டின் நகலும் மகளிர் குழு அக்காவிடம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் கேட்கத் தயங்குகிறவர்களோடு நானும் கூட வருகிறேன். வேலை முடிந்து மாலையில் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
நாச்சியார்கோவிலிலிருந்து உங்கள் சகோதரி