விடுதலையான பின்னும் தண்டம்: ஒரு திருத்தம் கோரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கக் குடியேற்றக் கட்டுரையில், இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்ட் பிரிவினரான பிரஸ்பிடேரியன் சபையார் கரையிறங்கிய நாள் முதல் தடையின்றி வழிபட்டதாக ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் படித்தது முதல் என் மனம் ஆறவில்லை.

அயர்லாந்தின் டோனெகலில் பிறந்த பிரஸ்பிடேரியன் போதகர் பிரான்சிஸ் மக்கெமியைத் தாங்கள் அறியாதவர் அல்லர். 1707 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு தனியார் வீட்டில் பிரசங்கித்த குற்றத்துக்காக, ஆளுநர் கார்ன்பரி பிரபு அவரையும் உடன்வந்த ஜான் ஹாம்டனையும் பிடித்துவரச் செய்தார். இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்டினர் வழிபட இடமளித்த 1689ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டப்படி பார்படோஸிலும் வர்ஜீனியாவிலும் தாம் பெற்றிருந்த உரிமங்களை மக்கெமி காட்டியும், அவை தம் மாகாணத்தில் செல்லாது என்று ஆளுநர் தள்ளிவிட்டார். நன்னடத்தைக்குப் பிணை தருகிறேன், இனிப் பிரசங்கிப்பதில்லை என்று மட்டும் எழுதித் தர மாட்டேன் என்றவர் ஏறத்தாழ ஆறு வாரம் சிறையில் கிடந்தார். ஜூன் மாதம் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. ஆனால் தம்மைக் குற்றஞ்சாட்டிய அரசுத் தரப்பின் செலவையும் சேர்த்து 83 பவுண்டுக்கு மேல் அவரே கட்ட வேண்டியதாயிற்று. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். லாங் ஐலண்டின் ஜமைக்கா ஊரில் சபைப் போதகரை வீட்டிலிருந்து வெளியேற்றி, அவ்வீட்டை இங்கிலாந்துத் திருச்சபைக் குருவுக்குக் கொடுக்கச் செய்தவரும் இதே ஆளுநர்தான்.

விடுதலையானவன் செலவைக் கட்டுவது என்னவென்று எனக்குத் தெரியும். இளமையில் எங்கள் வீட்டு முற்றத்தில் வாசகர் கூட்டம் நடத்தியதற்கு அனுமதி பெறவில்லையென வழக்குப் போட்டார்கள். மூன்று ஆண்டுகள் வாய்தாவுக்கு அலைந்து விடுதலையானேன். வக்கீல் கட்டணத்துக்கு அடகு வைத்த என் தாயாரின் வளையல்கள் திரும்பவே இல்லை. அந்த 83 பவுண்டை வெறும் எண்ணாக என்னால் படிக்க முடியாததற்கு அதுவே காரணம்.

தங்கள் இதழில் இத்தகைய பிழை வருவது இது முதல் முறையும் அன்று. 1706இல் பிலடெல்பியாவில் கூடிய முதல் பிரஸ்பிட்டரியை, அதாவது அச்சபைப் போதகர்களின் மன்றத்தை, பத்தாண்டு தள்ளித் தாங்கள் அச்சிட்டபோது பணிவுடன் எழுதினேன்; பதில் இல்லை. கார்ன்பரி பெண்ணுடை அணிந்தார் என்ற நிரூபிக்கப்படாத வதந்திக்கு ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கினீர்கள். அவர் சிறையிலிட்டவரின் பெயருக்கு அதில் இடமில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் வாசகனுக்கு இது எவ்வளவு வருத்தம் தரும் என்பதைத் தங்கள் கவனத்துக்கு விட்டுவிடுகிறேன்.

அடுத்த இதழில், எவ்வளவு சிறிய எழுத்திலானாலும் சரி, இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். அதில் மக்கெமியின் பெயர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்