பிறவி இதயக் கோளாறும் நாய் இனப்பெருக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்குட்டிகளின் பிறவி இதயக் கோளாறுகள் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, சிகிச்சை முறைகளை நன்கு விளக்கியிருந்தது. ஆனால், சிகிச்சையில் முழுமையாகக் குணமடைந்த நாயைத் தயக்கமின்றி இணைசேர்க்கலாம் என்று பொருள்படும் ஒரு வரியும் அதில் இடம்பெற்றுவிட்டது. இத்தகைய குட்டிகளைப் பல்லாண்டுகளாகப் பரிசோதித்துவரும் கால்நடை மருத்துவர் என்ற முறையில், அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரை எடுத்துக்காட்டிய டக்டஸ் கோளாறையே பார்ப்போம். கருவிலிருக்கும் குட்டியின் நுரையீரல் இயங்காததால், நுரையீரல் தமனியிலிருந்து பெருந்தமனிக்கு இரத்தத்தை நேரே கடத்த டக்டஸ் என்னும் குறுங்குழாய் உண்டு. குட்டி பிறந்து மூச்சுவிடத் தொடங்கியதும் இரத்தத்தில் ஆக்சிஜன் கூடி, குழாய்ச் சுவரின் தசை சுருங்கி, சில நாட்களில் அது அடைபட்டுவிடும். அடைபடாத குட்டிகளில், தசை இருக்க வேண்டிய இடத்தைப் பெருந்தமனிச் சுவரைப் போன்ற சுருங்காத திசு பிடித்திருக்கிறது. இடது முன்னங்காலின் அக்குளில், சற்று உயரத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இடைவெளியே இல்லாமல் ஏறியிறங்கும் மர்மர் (இரத்தம் பாயும் இரைச்சல்) கேட்கும். பல குட்டிகளில் அங்கே விரலை வைத்தாலே அதிர்வு தட்டுப்படும்.

இந்தக் கோளாறின் மரபுவழியைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பேட்டர்சன் குழுவினர் பூடில் நாய்களின் வம்சாவளியில் ஆராய்ந்து, 1971-இல் விரிவாக வெளியிட்டனர். பல மரபணுக்களின் பங்கு சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டும்போது குழாய் முழுதும் திறந்தே நிற்கிறது. வரம்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டால், நுரையீரல் தமனிப் பக்கம் மட்டும் மூடிக்கொண்டு, பெருந்தமனிப் பக்கம் ஒரு சிறு பையாக எஞ்சுகிறது. அந்த நாய்க்கு மர்மரும் இல்லை, நோயும் இல்லை. எந்தப் பரிசோதனை மேசையிலும் அது ஆரோக்கியமான நாய்தான். எனினும் அதன் குட்டிகளுக்குக் கோளாறு வரலாம். குழாயை அடைத்துக் குணப்படுத்திய நாயோ அந்த வரம்பைத் தாண்டியே பிறந்தது. சிகிச்சை அதன் உயிரைக் காக்கிறது (அந்தச் சிகிச்சையை யாரும் தள்ளிப்போடக் கூடாது). ஆனால் அது குட்டிகளுக்குக் கொடுக்கப்போகும் மரபணுக்களில் எதையும் மாற்றுவதில்லை.

மரபணுச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையையும் கட்டுரை விதைக்கிறது. கீஸ்ஹாண்ட் என்னும் நாய் இனத்தின் இதயக் குறைபாடுகளுக்குப் பல மரபணுக்கள் காரணம் என முதலில் கருதிய பேட்டர்சன் குழுவே, ஒரு முதன்மை மரபணுதான் காரணம் என 1993-இல் எழுதியது. பின்னர் வந்த ஆய்வோ மூன்று குரோமோசோம்களைச் சுட்டியது. பெருந்தமனி வால்வுக்குக் கீழே ஏற்படும் குறுக்கத்தோடு தொடர்புடைய மரபணு மாற்றமொன்று 2014-இல் நியூஃபவுண்ட்லாந்து நாய்களில் அறிவிக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு வேறு இனங்களான பாக்ஸரையோ கோல்டன் ரெட்ரீவரையோ இணைசேர்க்கைக்குத் தேர்ந்தெடுக்க இயலாது. மேலும், இந்தக் குறுக்கம் குட்டி வளர வளரத்தான் வெளிப்படும் என்பதால், எட்டு வார வயதில் வழங்கப்படும் ‘இதயம் நலம்’ என்ற சான்று இணைசேர்க்கைக்குப் போதவே போதாது. நாய் முழு வளர்ச்சி அடைந்த பின் இதய நிபுணர் ஸ்டெதாஸ்கோப்பால் கேட்டுப் பார்த்து, ஐயம் எழுந்தால் எக்கோ (இதய அல்ட்ராசவுண்டு) எடுத்துப் பார்ப்பதே இன்று நம்பத்தக்க வழி.

ஆகவே, கோளாறுடன் பிறந்த நாய்க்குச் சிகிச்சையோடு கருத்தடையும் செய்ய வேண்டும் என்றும், அதன் தாய் தந்தையை மீண்டும் இணைசேர்க்கக் கூடாது என்றும், அதே ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகளின் உரிமையாளர்களுக்கு இதைத் தெரிவிப்பது வளர்ப்பாளரின் கடமை என்றும் தங்கள் திருத்தத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், கால்நடை மருத்துவர்