கடைசிக் கல்லும் அஞ்சு லிட்டர் குக்கரும்: ஒரு நன்றி மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்புக் குடும்பத்தாருக்கும், போன சனிக்கிழமை கூடத்துக்கு வந்திருந்த எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் நன்றி. மறுநாள் அதே கூடத்தில் வளைகாப்பு நடத்திய குடும்பத்தாரே, தரையை மூன்று தடவை கழுவிவிட்டோம், நம்புங்கள். ஆனாலும் ஜன்னலோரம் சன்லைட் சோப்பின் வழவழப்பு கொஞ்சம் தங்கிவிட்டதாம். சாம்பார் வாளியோடு அங்கே சறுக்கி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் சுவரோரம் போய் நின்ற மாமாவுக்கு என் தனி வணக்கம். முந்தின நாள் அந்தச் சோப்புத் தரையில் விளையாட்டுக்காக நாங்கள் தள்ளிவிட்ட குக்கர் ஒன்றுகூட அவ்வளவு அழகாகப் போய் நிற்கவில்லை.

வராதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வகுப்பு ஆண்டு முடியும்போது யாராவது ஒருவர் சாதனையாளர் ஒருவரைப் பற்றித் தமிழில் இருபது நிமிடம் பேசுவது நம் வழக்கம். டாக்டர், கிரிக்கெட்காரர், விடுதலைப் போராளி என்று எல்லாரையும் பேசி முடித்தாயிற்று. இந்த வருஷம் என் முறை. நான் எடுத்துக்கொண்டது கனடாவின் செரில் பெர்னார்டை. ஐஸ் மேல் கல்லை வழுக்கிவிட்டுக் குறி வைக்கும் கர்லிங் ஆடியவர், பிறகு தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஆனவர். டர்பனின் நவம்பர் வெக்கையில், கூல்டிரிங்கில் மிதக்கிற ஐஸைத் தவிர வேறு ஐஸையே பார்க்காத பிள்ளைகளிடம் ஐஸ் விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் கமிட்டியில் ஒருவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அவருக்கும் நன்றி. காய்ச்சல் இல்லை என்று அவர் சொன்னதால்தான் அனுமதி கிடைத்தது.

விதை போட்டது கல்கரியில் இருக்கும் என் அண்ணன் மகன். வேலைக்காகப் போனவன், குளிர்காலத்தில் பொழுது போகாமல் பக்கத்து கர்லிங் கிளப்புக்குப் போயிருக்கிறான். ஒரு நாள் போன் பண்ணி, "அத்தை, இது ஐஸ் மேல கேரம்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கேரம் தெரியாத வீடு நம் தெருவில் உண்டா? மீதிப் பாதியை இரவு இரவாக வாய்ஸ் நோட்டில் அனுப்பினான். ஒரு கல் ஏறக்குறைய 20 கிலோ. நல்ல கல் பலவும் ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் கடலில் நிற்கும் ஐல்சா க்ரெய்க் என்ற சின்னத் தீவின் கருங்கல். ஐஸ் வழுவழுவென்று இருக்காது. தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறையவிட்டு, தோசைக்கல்லில் மாவு தெளித்தது போலப் புள்ளி புள்ளியாக வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளிகளின் தலையில்தான் கல் வழுக்கிப் போகும். ஒருவர் கல்லை விட, இரண்டு பேர் அதன் முன்னால் ஓடிக்கொண்டே பிரஷ்ஷால் ஐஸைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் தூரம் போகும், வளைவதும் குறையும். குறி வைக்கும் வட்டத்துக்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்திருக்கும் பெயர் வீடு. இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பவுல்ஸ் ஆடும் நம் மாமா ஒருவர் இருக்கிறார், பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். அவர் என்னைப் புல்தரைக்கே கூட்டிப்போய்ப் பந்தை உருட்டிக் காட்டினார். பவுல்ஸ் பந்து ஒரு பக்கம் சாய்ந்து வளையும்படியே செய்யப்பட்டது, கர்லிங் கல்லையோ விடும்போது லேசாகத் திருகிவிடுவதால்தான் அது வளைகிறது என்று பிரித்துச் சொன்னவர் அவர்தான். வீட்டுக்கு வந்து மேசையில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்துத் திருகித் தள்ளிப் பாருங்கள். வலப்பக்கம் திருகினால் டம்ளர் இடப்பக்கம் வளையும். கர்லிங் கல் நேர்மாறாக, திருகின பக்கமே வளையும். ஏன் அப்படி என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு டம்ளர் உடைந்ததோடு நான் ஒதுங்கிக்கொண்டேன்.

இனி, சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம். அறிவிப்புத் தாளில் "ஒலிம்பிக் தங்கம் வென்ற வீராங்கனை" என்று போட்டிருந்தேன் இல்லையா? அது அச்சுப்பிழை இல்லை. அவர் வென்றது வெள்ளி என்று எனக்கு நன்றாகவே தெரியும். வெள்ளி என்று போட்டால் சனிக்கிழமை மத்தியானம் யார் கிளம்பி வருவார்கள் என்று நானாகவே ஏற்றிப் போட்டேன்.

அதைக் கண்டுபிடித்தவன் வகுப்பிலேயே கடைசி பெஞ்சுக்காரன், பதின்மூன்று வயசு. அரைநிமிடம் போனைத் தட்டிவிட்டு, "டீச்சர், ஷி காட் சில்வர்" என்றான். தமிழில் சொல் என்றேன். யோசித்து, "டீச்சர், நீங்க பொய் எழுதிட்டீங்க" என்றான். அவன் இதுவரை பிழையில்லாமல் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. தம்பி, உனக்கு நன்றி. அன்று சாயங்காலம் மிச்சமிருந்த அறுபது தாளிலும் தங்கத்தை அடித்து வெள்ளி என்று பேனாவால் எழுதினேன். இருபதாவது தாளுக்கு மேல் கை வலித்தது, அவனே உட்கார்ந்து மீதியை எழுதிக்கொடுத்தான். ள்ளி என்பதற்கு எல்லாத் தாளிலும் ல்லிதான் போட்டிருந்தான். நான் திருத்தவில்லை.

அந்த வெள்ளிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2009 டிசம்பரில் எட்மண்டனில் நடந்த தேர்வுப் போட்டியை வென்று பெர்னார்டின் அணி கனடாவுக்காக ஆட வந்தது. அவருக்கு அப்போது 43 வயது. இன்சூரன்ஸ் தொழிலும் நடத்தியவர். 2010 பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக்கில் முதல் சுற்றின் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வெற்றி. இறுதி ஆட்டம் ஸ்வீடனின் ஆனெட் நோர்பெர்க் அணியோடு. சொந்த நாடு, சொந்த ஜனம், அரங்கம் முழுக்கச் சத்தம். கடைசிச் சுற்றுக்குள் நுழையும்போது கனடா 6-4 என்று முன்னால். கடைசிக் கல்லும் பெர்னார்டின் கையில். விட்டார், தவறியது. ஸ்வீடனுக்கு இரண்டு புள்ளி கிடைத்து, ஆட்டம் 6-6 என்று சமனாகி, கூடுதல் சுற்றுக்குப் போனது. அதிலும் கடைசிக் கல் அவருக்குத்தான். அதுவும் தவறியது. 7-6, தங்கம் ஸ்வீடனுக்கு.

நாமெல்லாம் அந்த மாசம் எங்கே இருந்தோம்? மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் வளைவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஜூனில் வரப்போகும் உலகக்கோப்பைக் கால்பந்துக்கு வுவுசெலா ஊதுகுழல் வாங்கிக்கொண்டிருந்தோம். ஐஸில் கல் தள்ளும் ஒரு பெண்ணைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்?

அதன்பிறகு அவர் மேடைப் பேச்சுக்கு வந்தார், டி.வி.யில் கர்லிங் வர்ணனை செய்தார். 2018 ஒலிம்பிக்குக்கு மாற்று ஆட்டக்காரராக, தன்னைவிட ரொம்ப இளைய அணியோடு போனார். அப்புறம் கனடா விளையாட்டுப் புகழ்க்கூடத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். எனக்கு இந்தப் பதவிகள் எல்லாம் பெரிதாகப் படவில்லை. கைதவறிப் போன அந்தக் கல்லைப் பொட்டலம் கட்டிப் பரணில் போடாமல் மேடைக்கே எடுத்துக்கொண்டு வந்தாரே, அதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. தன்னம்பிக்கைப் பேச்சு என்றாலே எனக்கு அலர்ஜி. "உன்னால் முடியும்" என்று மைக்கில் கத்துகிறவர்களைப் பார்த்தால் காதைப் பொத்திக்கொள்கிற ரகம் நான். "என்னால் முடியாமல் போச்சு, உட்காருங்கள், சொல்கிறேன்" என்று ஆரம்பிக்கும் ஆள் என்றால் உட்காரலாம்.

பேச்சை எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடி ஆயாவிடம் போனேன். எழுத்துப்பிழை பார்க்க இந்தப் பகுதியில் அவரைவிட்டால் ஆள் இல்லை. டர்பன் முனிசிபாலிட்டியில் வேலை செய்த இந்தியர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்து கிளப்பிவிட்டபோது சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர். மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு ஒற்று விடாமல் திருத்தினார். கடைசிப் பக்கம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "தோத்தவளை எதுக்குடி மேடையில ஏத்துற?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. சும்மா இருந்தேன். அவரே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பதினோரு வயசில், பாரக்ஸ் பிள்ளைகளுக்கான எய்ஸ்டெட்ஃபோட் என்ற தமிழ்க் கலைப் போட்டியில் ஒரு பதிகம் பாட ஏறினாராம். மூன்று அடி வந்தது. நாலாவது அடி வரவில்லை. கீழே முதல் வரிசையில் அவர் அப்பா, முனிசிபாலிட்டி வேலை முடிந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா பத்தடி முன்னால் நடந்தாராம், ஒரு வார்த்தை பேசவில்லை. "திட்டியிருந்தா மறந்திருப்பேன்" என்றார் ஆயா. அப்புறம் அந்த நாலாவது அடியைச் சொன்னார், ஐந்தாவதும் ஆறாவதும் சொன்னார். பாடவில்லை, சொன்னார். எழுபது வருஷமாக அவர் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாத கதை இது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். "எழுது, ஆனா பேரு போடாதே" என்றார்.

ஆயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒற்றுப்பிழைக்கு மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

சனிக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். நான் பேசி முடித்து வீடியோ போடப் போன நிமிஷம் கரண்ட் போனது. புரொஜக்டர் கண்ணை மூடியது, ஃபேன் நின்றது, நூறு பேர் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்போது சமையல்கட்டிலிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்து, "கைப்பிடி வெச்ச கனமான பொருள்தானே? குக்கர் இருக்கு" என்று சொன்னாரே, அவருக்குத்தான் இந்த மடலின் பெரிய நன்றி. ஆறு குக்கர் வந்தது. பின்னால் பூச்செடிக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளி நிரப்பி, மூடியை இறுக்கினோம். கோயிலில் பெரிய கோலம் போடும் அக்கா நூலும் ஆணியும் வைத்து அளந்து, இன்சுலேஷன் டேப்பிலேயே வட்டத்துக்குள் வட்டமாக நாலு வட்டம் ஒட்டி வீட்டைக் கட்டிக்கொடுத்தார். பிள்ளைகள் வாளி வாளியாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். இந்த இடத்தில் "நீங்கள்தான் என் பாதையைப் பெருக்கினீர்கள்" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தேவையில்லை. ஏழு பேர் நிஜமாகவே துடைப்பத்தைப் பிடித்துக் குக்கருக்கு முன்னால் ஓடினார்கள். அதில் மூன்று பேர் விழுந்தார்கள். ஒருவர் நம் கமிட்டித் தலைவர்.

பீன்ஸ் கறியும் ரொட்டியும் அனுப்பிய இரண்டு வீடுகளுக்கும், நாற்காலி கொடுத்த கோயிலுக்கும், ஈரத்துணிகளைக் காயப்போட இடம் கொடுத்த எதிர்வீட்டுக்கும் நன்றி. கல்கரியில் விடிகாலையிலேயே எழுந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகனுக்கும் நன்றி. கரண்ட் போனபோது அவன் பார்த்தது வெறும் இருட்டுதான், ஆனால் இணைப்பைத் துண்டிக்கவில்லை. செரில் பெர்னார்டுக்கு இந்த மடல் போய்ச்சேராது. போய்ச்சேர்ந்தாலும் படிக்கத் தெரியாது. அவருக்கும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி ஆட்டம் ஆயாவுடையது. நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தபடியே, குனிந்து அஞ்சு லிட்டர் குக்கரைத் தள்ளினார். அது வீட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. கதவோரமாகத் திரும்பி, டீ மேசையின் காலில் மோதியது. கூடம் முழுக்க ஒரு கணம் சத்தமில்லை. ஆயா யாரையும் பார்க்காமல் கையை நீட்டி, "இன்னொண்ணு குடு" என்றார்.

குக்கர் கொடுத்தவர்கள் தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மணலைக் கொட்டிக் கழுவி வைத்திருக்கிறேன். கேஸ்கெட்டும் வெயிட்டும் தனியாக ஒரு பையில் இருக்கின்றன, எது யாருடையது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். கைப்பிடி உடைந்து, ஒரு பக்கம் நசுங்கிய அஞ்சு லிட்டர் குக்கருக்கு மட்டும் இதுவரை யாரும் உரிமை கோரவில்லை. வந்தால் புதுசு வாங்கித் தருவதாக ஆயா சொல்லியிருக்கிறார். ஆனால் பழையதைத் திருப்பித் தர மாட்டாராம்.