அச்சுத் தலைப்பில் ஒரு ² போட விடுங்கள்: விரிதாள் மென்பொருள் எழுதுவோருக்குத் திறந்த மடல்

எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். முப்பரிமாண வட்டங்கள், நிழல் விழும் பட்டைகள், விதவிதமான வண்ணத் தொகுப்புகள் என்று வரைபடங்களுக்கு நீங்கள் செய்து கொடுத்திருக்கும் அலங்காரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வரைபடத்தின் அச்சில், அதாவது அளவுகளைக் காட்டும் கிடைக்கோடு அல்லது நெடுக்கோட்டின் ஓரத்தில், ஒரு டிகிரி குறியோ மைக்ரோ குறியோ போட வேண்டுமென்றால் இன்றும் குறுக்குவழி தேடித்தான் அலைய வேண்டியிருக்கிறது. மீட்டருக்கும் சதுர மீட்டருக்கும் நடுவே இருப்பது மேலே தூக்கி எழுதிய ஒரு சின்ன 2 மட்டும்தான். அது விழுந்துவிட்டால் வரைபடம் பொய் சொல்கிறது.

வழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே எண் பலகையில் 0176 தட்டினால் ° வரும், 0178 தட்டினால் ², 0181 தட்டினால் µ. (எண் பலகை இல்லாத மடிக்கணினிக்காரர் பாடு திண்டாட்டம்தான்.) இல்லையென்றால் ஒரு செல்லில், எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய எழுத்தைத் தரும் யூனிசார் (UNICHAR) சார்பை எழுதி, 956 என்ற எண்ணைக் கொடுத்து μ-வை வரவழைக்கலாம், எக்செல்லில் 2013 பதிப்பிலிருந்து இது இருக்கிறது, லிப்ரே ஆபிஸிலும் உண்டு. ஆனால் 0181-க்கு வந்த µ வேறு, 956-க்கு வந்த μ வேறு. முன்னது மைக்ரோ குறி, பின்னது கிரேக்க எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றைக் கொடுத்துத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். டிகிரி குறிக்கும் இதே கதை: °, º, ˚ மூன்றில் முதலாவது மட்டுமே டிகிரி. இதையெல்லாம் பயனர் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

இதைவிட ஆபத்தானது பழைய சிம்பல் எழுத்துரு. சாதாரண 'எம்' எழுத்தைத் தட்டி எழுத்துருவை மாற்றினால் அது மியூவாக (μ) தெரியும். அதை வேறு இடத்தில் வெறும் உரையாக ஒட்டுங்கள், மறுபடி 'எம்' ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராமாகி நிற்கும், ஆயிரம் மடங்கு வித்தியாசம். இந்தக் குறியைத் தவறாகப் படித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் மருந்துச் சீட்டுகளில் மைக்ரோகிராமை 'எம்சிஜி' என்று எழுதச் சொல்கிறார்கள்.

சரி, என்னுடைய பெரிய குறைக்கு வருகிறேன். அச்சுத் தலைப்பில் 2-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து, எழுத்துருப் பெட்டியைத் திறந்து மேலெழுத்தாக்கலாம். பத்து வரைபடம் இருந்தால் பத்துத் தடவை. அந்த அலுப்புக்காகத்தான் தலைப்பை ஒரு செல்லோடு இணைக்கிறோம். செல்லை மாற்றினால் எல்லாம் மாறும். ஆனால் எக்செல்லில் அப்படி இணைத்தால் எழுத்துகள் மட்டுமே வருகின்றன. செல்லில் அழகாக மேலே உட்கார்ந்திருந்த 2, தலைப்பில் கீழே இறங்கி மற்றவற்றோடு நின்றுவிடுகிறது. ஒரே கோப்பு, ஒரே மென்பொருள், பக்கத்துப் பக்கத்து இடம்!

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் தனி எழுத்துகளாகவே இருக்கும் மேலெழுத்துகளைப் பயன்படுத்தினால் இணைப்பிலும் தப்பிக்கும் என்பது உண்மை. ஆனால் ¹, ², ³ மூன்றும் பழைய தொகுப்பிலிருந்து வந்தவை. ⁴ முதல் மற்றவை வேறு இடத்தில் சேர்ந்தவை. அதனால் சில எழுத்துருக்களில் இவற்றின் உயரம் ஒத்துப்போவதில்லை. 10¹⁴ என்று எழுதினால் ஒன்று குட்டையாகவும் நான்கு நெட்டையாகவும் நிற்கும். கீழெழுத்திலோ எல்லா எழுத்துக்கும் வடிவமே கிடையாது.

அப்புறம் அச்சில் வரும் எண்கள். மடக்கை அளவில் (ஒவ்வொரு படியும் பத்து மடங்காக ஏறும் அச்சில்) வரைந்தால் ஆய்விதழ்கள் எதிர்பார்ப்பது 10⁻⁶. விரிதாள் தருவதோ நடுவில் 'ஈ' போட்ட கால்குலேட்டர் எழுத்து (1E-06). எண் வடிவமைப்பில் மேற்கோள் குறிக்குள் டிகிரி குறியைச் சேர்க்க முடிகிறது, நல்ல ஏற்பாடு. அடுக்கை மேலே தூக்க மட்டும் வழியில்லாததால், எண்களை மறைத்துவிட்டு மேலே உரைப்பெட்டிகளை ஒட்டுகிறார்கள். அச்சின் வரம்பை மாற்றியதும் பெட்டிகள் பழைய இடத்திலேயே நிற்கும், எண்கள் தவறாகிவிடும்.

எனவே கேட்பது மூன்று. தலைப்பைத் திருத்தும் இடத்திலேயே அலகுக் குறிகளுக்கு ஒரு பொத்தான். சரியான µ எது, சரியான ° எது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளட்டும். அச்சு எண்களுக்கு 10-இன் அடுக்கு வடிவம். செல்லிலிருந்து இணைக்கும்போது மேலெழுத்தும் கீழெழுத்தும் கூடவே வர வேண்டும். மூன்றையும் ஒரே பதிப்பில் செய்ய முடியாதென்றால் கடைசியில் சொன்னதை முதலில் செய்யுங்கள். மற்ற இரண்டையும் இன்னும் கொஞ்ச நாள் நாங்களே சமாளித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தினமும் வரைபடம் போடும் ஒருவர்