பியானோவைச் சக்கரத்தில் ஏற்றித் தந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

கிராண்ட் பியானோ இப்போது டாலியின் மேல், அதாவது மூன்று கைகளும் அவற்றில் சக்கரங்களும் கொண்ட இரும்புச் சட்டத்தின் மேல், நிற்கிறது. மூன்று கால்களும் டாலியின் மூன்று கிண்ணங்களில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. பூட்டுகளில் ஆட்டமில்லை, மூடியில் கீறலில்லை, யார் விரலும் நசுங்கவில்லை. எந்த நெருக்கடியில் இந்த வேலையில் இறங்கினோம் என்பது உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதப்போவதில்லை. மனசு இன்னும் படபடத்துக்கொண்டிருக்கும்போதே நன்றியை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி, அரங்கில் நாற்காலிகளைச் சரிபார்க்க வந்திருந்த தச்சருக்கு. இந்த வேலைக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. பியானோவுக்கு அடியில் ஜாக்கி போவதைப் பார்த்தவர், கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, 6 மி.மீ. பிளைவுட் துண்டுகளை ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஜாக்கி ஏற ஏற நான் இந்தத் துண்டுகளை அடியில் செருகிக்கொண்டே வரேன். நடுவுல ஒரு விரல் நுழையிற இடம்கூட இருக்கக்கூடாதுங்க” என்றார். கடைசிக் கால் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அவர் செய்தது பார்வைக்குச் சின்ன வேலை. அதன் அருமை இந்தக் கருவியின் எடையை அறிந்தவர்களுக்குப் புரியும். சிறிய கிராண்டுகூட 250 கிலோ அளவில் இருக்கும். 274 செ.மீ. நீளமுள்ள கச்சேரி கிராண்ட் 500 கிலோவை நெருங்கும். பியானோவின் அடிக்கட்டு தரையிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்தில் இருப்பதால், சாதாரண ஹைட்ராலிக் ஜாக்கியைக் கட்டைகள் அடுக்கி அதன் மேல்தான் வைக்க வேண்டியிருக்கிறது. காலின் சிறு சக்கரம் டாலிக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்ட 4 முதல் 5 செ.மீ. தூக்க வேண்டும். ஜாக்கி சறுக்கினால் அந்த முழு உயரத்திலிருந்தும் ஒரு மூலை விழும். விழுகிற கால் மட்டும் உடைவதில்லை. அதிர்ச்சி மற்ற இரண்டு கால்களையும் பக்கவாட்டில் தள்ளி, அவற்றின் மூட்டுகளையும் பிளந்துவிடும். ஜாக்கிக்குப் பக்கத்திலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை அடுக்கி, ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு துண்டு செருகிக்கொண்டே வந்தால், எது தவறினாலும் பியானோ 6 மி.மீ.க்கு மேல் இறங்காது. ஜாக்கியின் சீல் கசிந்து மெல்ல இறங்கினாலும் பாரத்தைக் கட்டைதான் வாங்கும். இறக்கும்போதும் அதே முறை: ஒரு துண்டை எடு, அந்த அளவு இறக்கு, அடுத்ததை எடு. அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுகிற பாதி இது. அவர் விடவில்லை. ஐயா, உங்களுக்கு எங்கள் கைகூப்பிய நன்றி.

கிராண்ட் பியானோவின் கால் ஒரே ஒரு வேலைக்கென்று செய்யப்பட்டது: நேராகக் கீழே வரும் பாரத்தைத் தாங்க. 1825இல் அமெரிக்கப் பியானோ தயாரிப்பாளர் அல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பிலான இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பியானோவுக்குள் அத்தகைய சட்டம் 20 டன் அளவிலான தந்தி இழுவையைச் சலனமில்லாமல் தாங்குகிறது. அதே பியானோவின் காலோ, தலையிலுள்ள உலோகத் தகட்டுப் பூட்டிலோ சில போல்ட்டுகளிலோ தொங்கிக்கொண்டிருக்கிறது. கீழே சக்கரம் ஒரு தரைப் பிளவில் சிக்கினால் போதும், கால் முழுவதும் நெம்புகோலாக மாறி மேல்மூட்டைப் பிடுங்கிவிடும். கால்களைத் தனித்தனிச் சக்கரப் பலகைகளில் வைத்து உருட்டக்கூடாது என்று நாங்கள் விடாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூன்று கைகளும் நடுவில் ஒன்றாக இணைந்த டாலியில், சக்கரம் இடிக்கும் வேகம் டாலியின் சட்டத்துக்குப் போகிறது, மூட்டுக்குப் போவதில்லை.

ஜாக்கி வைப்பதற்கு முன்பே டார்ச்சுடன் மல்லாந்து படுத்து மூன்று கால் பூட்டுகளையும் தட்டிப் பார்த்த தம்பிக்கு நன்றி. இடது முன்கால் பூட்டு தளர்ந்திருந்ததை அவர் கண்டிராவிட்டால், மீதியெல்லாம் சரியாகச் செய்தும் பயனிருந்திருக்காது. ஜாக்கி எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று சாக்பீஸால் குறித்துத் தந்தவரும் அவர்தான். முன்பக்கம், வாசிக்கும் விசைகளை (கீகளை) தாங்கும் அடிப்பலகையில் காலை ஒட்டிய இடம். பலகையின் நடுவில் தூக்கினால் அது வளைந்து விசைகளின் மட்டம் கெடும். வால்பக்கம், அதாவது பியானோவின் குறுகிய பின்முனையில், தடித்த மர விட்டங்கள் விளிம்போடு சேரும் இடம். விட்டங்களுக்கு இடையே தெரியும் சவுண்ட்போர்டு, தந்தியின் ஒலியைப் பெருக்கும் பலகை, 1 செ.மீ.கூட தடிமன் இல்லாதது. அதில் ஜாக்கி பட்டால் விரிசல்தான். பெடல்கள் தொங்கும் லயர் சட்டத்தைப் பிடித்துத் தூக்குவதை நினைத்தே பார்க்கக்கூடாது.

கால்களின் இடைவெளியை அளந்து டாலியின் கைகளை முன்கூட்டியே நீட்டி வைத்த அக்காவுக்கும், போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகி வைக்கச் சொன்ன அண்ணனுக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும். முதல் கால் உட்கார்ந்ததுமே ஸ்பேனரால் இறுக்கிவிட்டால், மூன்றாவது கிண்ணம் 1 செ.மீ. விலகி நிற்கும். அப்போது யாராவது காலை உதைத்து உள்ளே தள்ளுவார்கள். அந்த உதையில் மூட்டு போய்விடலாம். மூன்றும் உட்கார்ந்த பிறகு இறுக்கினால் எந்தக் காலிலும் பக்க இழுவை மிஞ்சாது. வால்பக்கத்தை முதலில் தூக்கியதும், அந்த நேரம் முன்கால் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்ததும், மூடியையும் நோட்டுத் தாங்கியையும் முன்னதாகவே கழற்றிக் கம்பளத்தில் சுற்றி வைத்ததும் உங்கள் எல்லோரின் பொறுமை. பியானோ மேலே இருக்கும்போது அடியில் கை நீட்டாமல், கிண்ணத்தை நீளக் கட்டையால் மட்டும் தள்ளிக் கொடுத்தீர்களே, அந்த ஒழுக்கத்துக்குத் தனியாக ஒரு நன்றி.

இவ்வளவு பேர் சேர்ந்து காப்பாற்றியதை அலட்சியமாக உருட்டி இழக்க மாட்டோம் என்று இங்கே எழுதித் தருகிறோம். நகர்த்தும் முன் மூன்று சக்கரங்களும் போகும் திசைக்குத் திரும்பியிருக்க வேண்டும். தள்ளுவது உடல் விளிம்பில் மட்டும், ஒருவரும் காலையோ லயரையோ பிடித்து இழுக்கக்கூடாது. வாசற்படியில் பிளைவுட் விரிக்காமல் ஏற்றுவதில்லை. நின்றதும் பிரேக் எல்லாம் பூட்டி, விளிம்பில் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே மூடியைத் திறப்போம். டாலியின் போல்ட்டுகள் முதல் சில நகர்த்தல்களில் கொஞ்சம் தளரும். அவற்றை மறுபடி இறுக்கும் பொறுப்பு எங்களுடையது.

வாசிக்க வருபவர்களுக்கு ஒரு விஷயம். பியானோ இப்போது 3 செ.மீ. உயர்ந்திருக்கிறது, பெடலும் அதே அளவு உயர்ந்துவிட்டது. குதிகால் தொங்கினால் கணுக்கால் சீக்கிரம் வலிக்கும், பெடலைப் பாதி மட்டும் அழுத்தும் அரைப் பெடலின் நுணுக்கமும் வசப்படாது. அதற்காக 3 செ.மீ. தடிமனில் ஒரு பலகை அறுத்து, அடியில் ரப்பர் ஒட்டி, பெடலுக்கு முன்னால் போட்டிருக்கிறோம். அதை அறுத்துத் தந்ததும் அதே தச்சர்தான். ஸ்டூலையும் அந்த அளவு உயர்த்திக்கொள்ளுங்கள். ட்யூனர் ஐயா, புது இடத்தின் ஈரப்பதத்துக்கு மரம் பழகட்டும், இரண்டு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை சுருதி கொஞ்சம் விலகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
பியானோவைப் பராமரிப்பவர்கள்