வாசிகசாலைக் காணி பற்றி ஐயாவுக்கு

ஸ்காபரோ,
தை 27.

அன்புள்ள ஐயா, அம்மா அறிவது,

நலம், உங்கள் நலமறிய ஆவல். நீங்கள் கார்த்திகையில் எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பழுதின்றி வந்து சேர்ந்தன. தூளைக் கணக்குப் பார்த்துத்தான் போடுகிறேன்.

இங்கே குளிர் -20 பாகை வரை இறங்கிவிட்டது. வேலையில் நேரத்தைச் சிறிது குறைத்திருப்பதால் பகற்பொழுதில் பெரும்பாலும் நூலகத்தில் இருக்கிறேன். (அறையிலும் சூடு இருக்கிறது, அம்மா யோசிக்க வேண்டாம்.) ரொறன்ரோ நூலகத்துக்கு 100 கிளைகள் உண்டு. அங்கத்துவத்துக்குக் காசில்லை, பிந்திக் கொடுக்கும் புத்தகத்துக்கான தண்டப்பணத்தையும் 2022இல் நிறுத்திவிட்டார்கள். தண்டத்துக்குப் பயந்து இல்லாதவர்கள்தான் முதலில் வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்ட காரணம். ஐம்பது சதம் கட்டப் பயந்து சின்னண்ணை ஒரு வருடம் நமது வாசிகசாலைப் பக்கமே போகாதிருந்தது நினைவுக்கு வந்தது.

என் மேசைக்கு எதிரே நாள்தோறும் ஒரு சீன முதியவர் வந்து அமர்வார். பனிச் சப்பாத்தைக் கழற்றி, பையிலிருந்து வீட்டுச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் பத்திரிகையைத் தொடுவார். ஒருநாள் என் தமிழ்ப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, 'ழ' எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தவர் அவர் ஒருவர்தான். அது கிடக்கட்டும். அவர் பத்திரிகையைப் பிரிக்கும் சத்தத்தில், முன்தாள் ஒருவர் கையிலும் நடுத்தாள் இன்னொருவர் கையிலுமாக, நீங்கள் உங்கள் முறைக்காக வாசிகசாலை வாங்கில் காத்திருக்கும் காலை நேரம் அப்படியே கண்முன் வந்து, அன்று ஒரு பக்கமும் வாசிக்க முடியவில்லை.

இனி நீங்கள் கேட்ட விடயம். அப்பு வாசிகசாலைக்கு வாய்ச்சொல்லாகக் கொடுத்த ஒன்றரைப் பரப்புக் காணியைத் திருப்பி எடுத்து விற்கவேண்டும் என்று சித்தப்பா நிற்பது, வதனியின் கல்யாணச் செலவை எண்ணித்தான். அவரைக் கோபிக்க எனக்கு மனமில்லை. ஆனால் யாழ்ப்பாண நூலகமும் 1933இல் செல்லப்பா என்ற ஒருவர் தம் வீட்டில் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதானே? 1981இல் சுமார் 97,000 நூல்களும், மறுபிரதியில்லாத ஏடுகளும் எரிந்ததை இன்றும் சொல்லிச் சொல்லிக் கலங்குகிற நாங்கள், நமது கையாலேயே ஒன்றுக்குப் பூட்டுப் போடலாமா? சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்காத வெளிச்சமும் அமைதியும் மாலையில் அங்கேதான் கிடைக்கின்றன.

ஆகையால் கிணற்றடிக் காணியில் எனக்கு வரவேண்டிய பங்கைச் சித்தப்பா எடுத்துக்கொள்ளட்டும். வாசிகசாலைக் காணியை நொத்தாரிசிடம் போய்ச் சனசமூக நிலையத்தின் பெயருக்கே உறுதி எழுதிவிடுங்கள். என் கையொப்பம் வேண்டுமானால், எனக்காக நீங்களே ஒப்பமிட அற்றோர்ணித் தத்துவம் அனுப்புகிறேன். மாசிக் காசு ஒரு கிழமை பிந்தும், வேறொன்றுமில்லை. கூரை ஒழுகும் இடத்துக்கு எத்தனை ஓடு வேண்டும், என்ன விலை என்று விசாரித்து எழுதுங்கள்.

அன்பு மகன்,
குமரன்